இரண்டு மில்லி ஆம்பியர்

பதினோராயிரம் வோல்ட்டுக்குக் கீழே
இருபத்திரண்டு வருஷம் நின்றவன் நான்.
ஒத்தக்கடை செக்‌ஷனில்
எந்தக் கம்பத்தில் எந்த ஜம்பர்
அடுத்த காற்றுக்குத் தீயும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"ரெண்டு மில்லி ஆம்பியர்தான் சார்,
அரைமணி கூட இல்ல, இருபது நிமிஷம்"
என்றாள் பர்கத் நிஷா,
இரண்டு பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தபடி.
வீட்டு டிரிப்பரே முப்பதில்தான் விழும்.
ரெண்டு எந்த மூலைக்குக் காணும் என்று
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

கே.கே. நகர், இரண்டாவது மாடி.
சுபியின் நெற்றியில் ரப்பர் பட்டை.
சித்திரை வெயிலிலும் அவளுக்கு முழுக்கைச் சட்டை;
அதை ஆறு மாதம் கூச்சம் என்றே நினைத்திருந்தேன்.

என் முன்னங்கையிலும் ஒன்று உண்டு.
நரசிங்கம் ரோடு, அடைமழை,
எவனோ வீட்டு ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வந்த சப்ளை.
கல்யாண வீடுகளில் சட்டையை மடித்துக் காட்டுவேன்.
அதற்கு ஆபீஸில் ஃபைல் இருக்கிறது,
மருத்துவ விடுப்பு இருக்கிறது,
மூன்று பேர் சாட்சிக் கையெழுத்து இருக்கிறது.
அவளுடையதற்கு
துணிக்கடையில் மூன்று சட்டை எடுத்துக் கொடுத்தோம்.

திரையில் பச்சை வட்டம் வந்தால் அமுக்கணும்.
சிவப்பு வந்தால் கூடாது.
சிவப்பு என்று தெரிகிறது, விரல் போய்விடுகிறது.
ச்சே, என்கிறாள்.
அடுத்ததுக்கும் போய்விடுகிறது.
தெரிவதற்கும் நிற்பதற்கும் நடுவில் ஒரு துளி நேரம்,
அதைத்தான் கொஞ்சம் அகலப்படுத்திப் பார்க்கிறோம்
என்றார் டாக்டரம்மா.
எனக்குப் புரிந்தது. புரிந்த மாதிரி இருந்தது.

கையெழுத்துப் போட்ட தாளில் ஒன்று எழுதியிருந்தது:
பாதிப் பிள்ளைகளுக்கு
முதல் அரை நிமிஷம் மட்டும் மின்சாரம் ஓடும்.
அப்புறம் பெட்டியில் விளக்கு எரியும்,
உள்ளே ஒன்றும் இருக்காது.
யாருக்கு எது என்று சுபிக்குத் தெரியாது.
நிஷாவுக்குத் தெரியாது.
சீட்டுக் குலுக்கிய கம்ப்யூட்டருக்குத் தெரியும்,
அது ஆய்வு முடிகிறவரை வாய் திறக்காது.

சப்ளை இருக்கா இல்லையா என்று தெரியாமல்
ஒரு லைனிலும் நான் கை வைத்ததில்லை.
சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு
லைன் கிளியர் வாங்கி, எர்த் ராடு மாட்டி,
அப்புறம்தான் ஏணி.
சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது.
விரல் அதன் மேலேயே கிடந்தது இருபது நிமிஷமும்.
எடுக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு?"
"எறும்பு."
"கடைசிவரைக்குமா?"
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.
மாட்டுத்தாவணி சிக்னலில்
சிவப்புக்கு வண்டியை நிறுத்தினேன்.
பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்:
"நல்லா விளையாடுறீங்க."

பதினோராவது முறை போய்வந்த ராத்திரி.
மணி பதினொன்றே முக்கால் இருக்கும்.
கட்டில் ஓரத்தில் நிற்கிறாள்.
"அப்பா, எந்திரிங்க. வருது."

மின்தடைக்கு எழுப்பினால் எழுந்து பழக்கம்.
இதற்கு எழுந்து எங்கே போவது?
மாடிக்குப் போனோம்.
யானைமலை இருட்டில் படுத்துக் கிடந்தது.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
அங்கிட்டு நரசிங்கம் ஃபீடர்,
இந்தா இந்த டிரான்ஸ்ஃபார்மர் நம்ம தெருவுக்கு,
அதுக்கு அங்கிட்டு வேற செக்‌ஷன், எனக்குச் சம்பந்தமில்ல.
கேட்டாளா தெரியாது.
கம்பிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.
நான் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல்,
பக்கத்தில் நின்றேன்.

"நேத்தும் வந்துச்சு. நேத்து எழுப்பல."
"ம்."
"திட்ட மாட்டீங்களா?"
"இன்னைக்கு எழுப்புன."

எவ்வளவு நேரமோ.
ஒரு லாரி மேலூர்ப் பக்கம் போனது.
கைப்பிடியை எப்போது விட்டாள் என்று பார்க்கவில்லை.

"அந்தா, கோடியில ஒரு லைட் எரியலப்பா."
"புகார் எதுவும் வரலயே."
"நான் குடுக்கறேன். எழுதிக்கங்க."
"கம்பம் நம்பர்?"
"தெரியல. இருட்டா இருக்கு."
எழுதிக்கொண்டேன்.